முடிவு தெரிந்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

தொலைக்காட்சிப் பெட்டி என்பது பார்ப்பதற்காக வாங்கப்படும் பொருள் என்றுதான் நானும் நெடுங்காலம் நம்பியிருந்தேன். போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அந்த அறியாமை நீங்கியது.

செருப்பைக் கழற்றுவதற்குள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காகிதம் கண்ணில் பட்டது.

'சுற்றறிக்கை. பொருள்: கிறிஸ்துமஸ் விடுமுறை – நான்கு நாட்கள் – தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைத் தெரிவு செய்தல் – நெறிமுறைகள் வகுத்தல் – தொடர்பாக. பார்வை: சென்ற ஆண்டு நடந்த சண்டை.'

அதன் கீழே இருபது விதிகள். கடைசியில் அத்தானின் கையெழுத்து, தேதி. நகல் பெறுவோர்: மனைவி, மகன், மகள், இன்று வந்து சேரவிருக்கும் மைத்துனர். ஆக, வீட்டுக்குள் நுழையும் முன்பே நான் கோப்புக்குள் நுழைந்திருந்தேன்.

அத்தான் ஓர் அலுவலகத்தில் ஆவணப் பிரிவின் கண்காணிப்பாளர். நல்ல மனிதர். யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார். எழுத்து மூலமாகத்தான் கடிந்துகொள்வார். சென்ற ஆண்டு என்ன நடந்தது என்றால், மகனும் மகளும் ரிமோட்டுக்காக அடித்துக்கொண்டதில் அது பறந்துபோய் மீன் தொட்டியில் விழுந்துவிட்டது. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தானுக்குத்தான் ஆகிவிட்டது. அன்று முதல் புது ரிமோட் மேசை இழுப்பறையில் பூட்டி வைக்கப்பட்டது. பெட்டியின் பின்புறம் இருந்த பொத்தான்மேல் காகிதம் ஒட்டி, அந்தக் காகிதத்தின்மேலும் ஒரு கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.

இதில் மாட்டிக்கொண்டவள் அக்கா. அவள் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் நர்ஸ். பன்னிரண்டு வருடங்களாகக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் டியூட்டி பார்த்து வந்தாள். பிள்ளைகள் இருக்கிறவர்கள் லீவு எடுத்துக்கொள்ளட்டும் என்று மற்றவர்களுக்கு விட்டுக்கொடுப்பாள். தனக்கும் இரண்டு பிள்ளைகள் இருப்பது அந்த நேரத்தில் அவளுக்கு ஞாபகம் வராது போலிருக்கிறது. இந்த வருடம்தான் இரண்டு நாள் லீவு கிடைத்தது. இருபத்தாறாம் தேதி காலையில் திரும்பவும் வார்டு.

"ஒரே ஒரு படம்டா," என்றாள், காபியைக் கையில் கொடுத்தபடியே. "நாளைக்கு மூணு மணிக்குப் போடறான். கடைசிவரைக்கும் உக்காந்து பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அது ஒரு பழைய படம். கப்பலில் போன கணவனிடமிருந்து கடிதமே வராத ஒரு பெண். அவள் ஏங்குவதைப் பார்க்கச் சகியாமல், கணவன் பேரில் தானே கடிதம் எழுதிக் கொடுக்கும் தபால்காரன். இடைவேளையில் அந்தப் பெண் தபால் நிலையப் பலகையில் அதே கையெழுத்தைப் பார்த்துவிடுகிறாள். வருடா வருடம் அதே நாளில் அதே சேனல் இந்தப் படத்தைப் போடும். வார்டில் இருக்கும் டிவியில் அக்காவும் நின்றபடியே பார்ப்பாள். இடைவேளை முடிந்ததும் யாருக்காவது சலைன் தீரும், யாருக்காவது காய்ச்சல் ஏறும். அதற்கு மேல் அந்தப் பெண் என்ன செய்தாள் என்று பன்னிரண்டு வருடமாக அக்காவுக்குத் தெரியாது.

"நெட்ல கதையைப் படிச்சுக்கயேம்மா," என்றான் மகன், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல்.

"படிச்சுத் தெரிஞ்சுக்க அது என்ன பிளட் ரிப்போர்ட்டா?" என்றாள் அக்கா.

அன்று மாலை தெரிவுக் குழுவின் முதல் கூட்டம், சாப்பாட்டு மேசையில் கூடியது. அத்தான் தலைவர். மற்ற மூவரும் உறுப்பினர்கள். நான் வெளி உறுப்பினர். என்னைப் போன்ற லிஃப்ட் மெக்கானிக்குக்கு இப்படி ஒரு பதவி வாழ்நாளில் ஒருமுறைதான் கிடைக்கும்; நிமிர்ந்து உட்கார்ந்தேன். கூட்டம் என்றால் முதலில் சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகளை உறுதி செய்ய வேண்டுமாம். சென்ற ஆண்டு கூட்டம் நடக்கவில்லை, சண்டைதான் நடந்தது. ஆகவே சண்டையை உறுதி செய்யும் பணி தொடங்கியது. முதலில் அடித்தது யார் என்ற இடத்தில் கருத்து வேறுபாடு எழுந்து, கிட்டத்தட்ட மறுபடியும் ஒரு சண்டை நடந்தது. அதையும் அத்தான் குறித்துக்கொண்டார்.

பிறகு விண்ணப்பங்கள். மகன் கல்லூரியில் இரண்டாம் வருடம். பார்ப்பதற்கு முன்னால் படத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்ப்பான். மதிப்பெண் சரியாக இருந்தால் நான்கு பேர் விமர்சனம் கேட்பான். அதற்குள் அவனுக்குத் தூக்கம் வந்துவிடும். ஆறு மாதமாக அவன் ஒரு படமும் பார்த்ததில்லை, ஆனால் எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவான்.

"அம்மா சொல்ற படத்துக்கு மார்க்கே இல்ல மாமா. யாருமே போடல. பேர் தெரியாத மாத்திரையை முழுங்கற மாதிரி அது."

மகள் பத்தாம் வகுப்பு. அவள் கேட்டது எட்டுப் பாகங்கள் கொண்ட ஒரு தொடர்.

"நல்லா இருக்குமா?" என்று கேட்டேன்.

"தெரியாது மாமா. கிளாஸ்ல எல்லாரும் பாத்துட்டாங்க."

"நீ பாக்கணும்னு ஆசைப்படறே."

"பாக்கணும்னு இல்ல. பாத்து முடிச்சிருக்கணும்."

அக்காவின் விண்ணப்பம் கடைசியில் வந்தது. அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"விண்ணப்பதாரர் ஏழாவது கலத்தை நிரப்பல."

"அது என்ன கலம்?" என்றாள் அக்கா.

"'படத்தின் முடிவு, சுருக்கமாக.' குடும்பத்தோட பாக்கற படம், முடிவு எப்படி இருக்கும்னு குழுவுக்குத் தெரிய வேண்டாமா?"

"முடிவு தெரியாததாலதானேங்க பாக்கணும்னு கேக்கறேன்!"

"நியாயம்தான். ஆனா முடிவு தெரியாம அனுமதி தர முடியாது."

"அனுமதி தந்தாதானே முடிவு தெரியும்?"

"அதுவும் நியாயம்தான்," என்றார் அத்தான். இரண்டு நியாயத்தையும் குறித்துக்கொண்டு, விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினார். நீச்சல் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் இறங்க வேண்டும் என்று சொன்னவன் கதையைக் கேட்டிருக்கிறேன். அவன் என் அத்தானாக இருப்பான் என்று நினைக்கவில்லை. மற்ற இருவரும் ஏழாவது கலத்தை நிரப்பியிருந்தார்கள். பார்க்காத படத்தின் முடிவும் பார்க்காத தொடரின் முடிவும் அவர்களுக்கு மனப்பாடம்.

அக்கா வாதாடவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஊரார் வலிக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவள், தன் வீட்டு வரவேற்பறையில் ஒரு பொத்தானை அமுக்க மனுப் போட்டுக் காத்திருக்கிறாள். விதி ஒன்பதில் ஒரு வழி இருந்தது: 'விண்ணப்பதாரருக்கு முடிவு தெரியாதவிடத்து, படத்தைப் பார்த்த ஒருவர் மூடிய உறையில் சான்றளிக்கலாம்.'

நானும் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். ஒருவரும் அந்தப் படத்தை முழுதாகப் பார்த்ததில்லை. மறுநாள் மதியம் ஒன்றரை மணிக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானே எழுதினேன்: 'கணவன் திரும்பி வருகிறான். அனைவரும் நலம்.' கையெழுத்துப் போட்டேன். எட்டு மாடிக் கட்டிடத்தில் இரண்டாம் மாடிவரை போய்ப் பார்த்துவிட்டு லிஃப்ட் பாதுகாப்பானது என்று சான்று கொடுக்கிற கைதானே, நடுங்கவில்லை. மூடிய உறை, ரகசியம், யார் பிரிக்கப் போகிறார்கள் என்று ஒரு தைரியம்.

இரண்டே முக்காலுக்குக் குழு கூடியது. அத்தான் உறையைப் பிரித்தார். பிரித்ததோடு நிற்கவில்லை, உறுப்பினர்கள் அறியும்பொருட்டு உரக்கப் படித்தார்.

அக்கா காதைப் பொத்திக்கொள்ளப் போனாள். அதற்குள் காதில் விழுந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் மெதுவாக. "அப்ப அந்தத் தபால்காரன்?"

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குளிக்கப் போய்ச் சேற்றைப் பூசிக்கொண்டு வந்திருந்தேன்.

"அக்கா, அது பொய்! நானே இட்டுக்கட்டி எழுதினது. நான் அந்தப் படத்தைப் பாக்கவே இல்ல."

அத்தான் பேனாவைக் கீழே வைத்தார். அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் அவர் காத்திருந்த தருணம் அவரது வரவேற்பறையில் வந்திருந்தது.

"போலிச் சான்று," என்றார். "விசாரணை நடத்தணும்."

"இப்பவேவா? மணி மூணு ஆகப் போகுது!"

"தாமதமா விசாரிச்சா நீதி கெட்டுப் போயிடும் மச்சான். நீங்க கொடுத்த சான்று பொய்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"நான்தானே அத்தான் எழுதினேன்?"

"எழுதினவர் சொல்றது ஆதாரம் ஆகாது. எங்க ஆபீஸ்ல எழுதினவங்க எல்லாரும் நான் எழுதலைன்னுதான் சொல்வாங்க. நீங்க எழுதினேன்னு சொல்றீங்க. இதுல ஏதோ இருக்கு."

இப்படியே மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. என் கல்வித் தகுதி, முன் அனுபவம், அக்காவிடம் எனக்குள்ள உறவுமுறை எல்லாம் பதிவு செய்யப்பட்டன. அணைந்திருந்த டிவியின் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் படம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலேகாலுக்கு மகன்தான் வாயைத் திறந்தான்.

"அப்பா, படத்தோட முடிவு தெரிஞ்சாதானே சான்று பொய்யா நிஜமான்னு சொல்ல முடியும்?"

"ஆமா."

"அப்ப படத்தைப் பாத்தாகணும்."

அத்தான் யோசித்தார். "பொழுதுபோக்குக்குப் பாக்கறதுக்குத்தான் அனுமதி வேணும். விசாரணைக்காகப் பாக்கறது கடமை," என்று சொல்லி எழுந்துபோய் இழுப்பறையைத் திறந்தார்.

டிவி உயிர் பெற்றபோது இடைவேளை அப்போதுதான் முடிந்திருந்தது. அக்காவுக்கு வேண்டியது அதுதான். அவள் தரையில், பெட்டிக்கு மூன்றடி தூரத்தில், சின்னப் பெண்ணைப்போல் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அத்தான் சாட்சியத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்: '4.41: தபால்காரர் மழையில் நனைகிறார். காரணம் தெரியவில்லை.' சற்று நேரத்தில் அந்தப் பேனாவும் நின்றது. மகன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். மகள் நகம் கடித்தாள். மதிப்பெண் இல்லாத படத்தை ஐந்து பேரும் மூச்சு விடாமல் பார்த்தோம்.

கடைசியில் தபால்காரன் உண்மையை எல்லாம் ஒரு கடிதத்தில் எழுதி, அவள் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகிறான். அவள் உறையின் ஓரத்தில் விரலை வைக்கிறாள். கதவு தட்டும் சத்தம். பிரிக்காத கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறக்கிறாள். வாசலில் பெட்டியோடு கணவன்.

டிவி அணைந்தது.

"கணவன் திரும்பி வந்தாச்சு," என்றார் அத்தான், ரிமோட்டைக் கையில் பிடித்தபடி. "சான்றின் உண்மைத்தன்மை நிரூபணம் ஆயிடுச்சு. மச்சான்மேல எந்தக் குற்றமும் இல்ல. விசாரணை முடிந்தது."

"அப்பா! அந்த லெட்டரைப் பிரிச்சாளா இல்லையா?" என்று கத்தினான், கதைச் சுருக்கம் படித்தே வளர்ந்த மகன்.

"அது விசாரணை வரம்புக்குள்ள வராது."

"போடுங்கப்பா!" என்றாள் மகள். "போடுங்க அத்தான்!" என்றேன் நான். அத்தானின் நெற்றியில் வியர்த்தது. அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. தலைவரின் அவசர அதிகாரம் என்று ஏதோ இரண்டு வரி கிறுக்கி, கையெழுத்துப் போட்டு, தேதியை இரண்டு முறை தப்பாக எழுதி அடித்துத் திருத்தி, ரிமோட்டை அமுக்கினார். படம் முடிந்துவிட்டிருந்தது. திரையில் ஒருவர் மெத்தை விற்றுக்கொண்டிருந்தார்.

நான் ஒரு பொய்யையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரிந்தவனாக இருந்திருந்தால், அது பொய் என்று நிரூபிக்கக் கடைசிக் காட்சிவரை ஓடவிட்டிருப்பார்கள். யாரும் யூகிக்கக்கூடியதை யூகித்துத் தொலைத்தேன். அக்காவின் பக்கம் திரும்ப வெட்கமாக இருந்தது.

"பன்னிரண்டு வருஷமா பாதிப் படம் பாத்தேன்," என்றாள் அவள், எழுந்துகொண்டே. "இன்னைக்கு முக்கால் படம். நம்ம வீட்டுல முன்னேற்றம்தான்." யூனிஃபார்மை இஸ்திரி போடப் போய்விட்டாள்.

அதன்பின் அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. மகன் இணையத்தில் துழாவினான். கதையை யாரோ இடைவேளைவரை எழுதிவிட்டு, 'மீதியைத் திரையில் காண்க' என்று முடித்திருந்தார்கள். பிரித்திருப்பாள் என்றாள் மகள். கிழித்திருப்பாள் என்றேன் நான். கணவன்தான் எடுத்துப் பிரித்திருப்பான் என்று அத்தான், அலுவலக அனுபவத்திலிருந்து சொன்னார்.

மறுநாள் காலை, அக்கா டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது, அத்தான் விசாரணை அறிக்கையை நீட்டினார். "எங்க போடணும்?" என்று கேட்டு அவள் கையெழுத்துப் போட்டாள். நாங்களும் போட்டோம். அவள் போன பிறகுதான் நான் அதைப் படித்தேன். 'மேற்படி படத்தின் முடிவைக் குழுவினர் ஐவரும் அறிந்துகொண்டனர்.' அடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் பதினேழாம் விதியையும் படித்தேன். முடிவு தெரிந்த படத்தை மறுபடியும் பார்க்க அனுமதி கிடையாது.

"அத்தான், அடுத்த வருஷமும் அக்காவால பாக்க முடியாதே! இந்த விதியை மாத்துங்க. நீங்க எழுதினதுதானே?"

"மாத்தலாம் மச்சான்," என்றார் அத்தான். "எனக்கும் அந்த லெட்டர் விஷயம் தெரிஞ்சாகணும். ஆனா யாராவது காரணம் காட்டி மனுக் கொடுக்கணும். என்னன்னு எழுதுவீங்க? முடிவு தெரியலைன்னு எழுதுவீங்களா? முடிவு தெரியும்னு அறிக்கைல அஞ்சு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோமே."