எந்தப்பு ஜெயித்த வழக்கு

அந்த நாளில் புதுக்கோட்டையில் நடந்த அத்தனை தப்புக்கும் ஒரே ஆள்தான் பொறுப்பு. நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். வெயில் கொளுத்தினாலும், சந்தையில் வாங்கிய கத்தரிக்காய் சொத்தையாகப் போனாலும், என் சட்டைப் பொத்தான் அறுந்து விழுந்தாலும் "எந்தப்புங்க" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றியவர். நாளடைவில் 'எந்தப்பு' என்பதே பெயராகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்டதில்லை.

பசுவை வாசலுக்கே ஓட்டிவந்து நம் கண்ணெதிரே கறந்து கொடுப்பார். ஒரு நாள் என் மனைவி காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் போட்ட கூச்சல் கேட்டு வாசலிலிருந்து குரல் வந்தது.

"எந்தப்புங்க. நான் இருட்டோட வந்துட்டேன். வெளிச்சம் வந்தப்பறம் வந்திருந்தா அம்மா டப்பாவைப் பாத்து எடுத்திருப்பாங்க."

இப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொண்டு மனிதன் நிம்மதியாகக் கோபப்படக்கூட முடியாது. ஒரு தடவை பின்னாலிருந்து சைக்கிளில் வந்து இடித்தவனிடமே இவர் மன்னிப்புக் கேட்டார். அவனும் அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டு, இனிமேல் பார்த்து நடக்கும்படி புத்தி சொல்லிவிட்டுப் போனான்.

அவருடைய செவலைப் பசுவை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அதை 'ஆத்தா' என்றுதான் கூப்பிடுவார். அது பால் செம்பை எட்டி உதைத்தால்கூட, "கையைச் சில்லுன்னு வச்சுட்டேன், எந்தப்புங்க" என்பார்.

அந்த ஆத்தாவைத்தான் ஒரு காலை திருமயம் ரோட்டில் கார் அடித்துவிட்டது. ஊரில் பெரிய தனவந்தர் ஒருவரின் கார். பசு அங்கேயே செத்தது. எந்தப்பு பள்ளத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எழுந்து வந்தவர் முதல் காரியமாக, நாலு பேர் பார்க்க, டிரைவரிடம் "எந்தப்புங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் அப்போது ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சும்மா விடுவேனா? கட்டுப்போட்ட கையோடு அவரை வக்கீல் முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். வக்கீல் சட்டத்தைப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

"டிரைவர் தப்புன்னா நஷ்டஈடு முழுசா கிடைக்கும்ப்பா. ஒம்மேலயும் கொஞ்சம் தப்பு இருக்குன்னு ஜட்ஜுக்குத் தோணிருச்சுன்னா ஒண்ணுமே கிடைக்காது. பாதித் தப்புக்குப் பாதிப் பணம்னெல்லாம் இங்க இல்லை."

இப்போதெல்லாம் தப்பைப் பங்குபோட்டு அதற்கேற்றபடி கொடுக்கிறார்களாம். அன்றைக்கு அந்தத் தயவு கிடையாது. எந்தப்பு கூண்டில் ஏறி வழக்கமாகச் சொல்லும் வார்த்தையைச் சொன்னால், அவர் வீட்டுக்கு இன்னொரு மாடு வராது. மாடு வராவிட்டால் அவர் வீட்டு அடுப்பு எரியாது. தினமும் சாயங்காலம் அவரை உட்காரவைத்துப் பழக்கினேன்.

"சொல்லுங்க. கார் மோதினது யார் தப்பு?"

"எந்…"

"ஏய்யா! வாயைத் திறக்காம இருந்தாலே போதும்யா!"

"சரிங்க. இம்புட்டு நேரம் ஒங்களைக் கத்த விட்டது எந்தப்புங்க."

வழக்கு நாள் வந்தது. கோர்ட் சேவகன் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே "எந்தப்பு!" என்று கத்தினேன். மொத்தக் கோர்ட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "வாதி தரப்பே ஒத்துக்கிட்டாங்க" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். எல்லோரும் சிரித்தார்கள், என்னைத் தவிர.

அவர் குறுக்கு விசாரணையை ஆரம்பித்தார். "கார் மோதினதும் டிரைவர்கிட்ட 'எந்தப்பு'ன்னு சொன்னியா?"

"சொன்னேங்க."

எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். கதை முடிந்தது. எதிர் வக்கீல் அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஜெயித்துவிட்டதாக நினைக்கும் வக்கீலுக்கு உட்காரத் தெரியாது.

"அது முரட்டு மாடு. ஹார்ன் சத்தத்துல மிரண்டு நடுரோட்டுக்கு ஓடி வந்துச்சு. அப்படித்தானே?"

எந்தப்பு எப்போதும் கட்டிக்கொண்டு நிற்கும் கை அவிழ்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்னை என்ன வேணாலும் சொல்லுங்க. ஆத்தாவைச் சொல்லாதீங்க. செத்துப்போனவ வந்து பதில் சொல்ல மாட்டா."

"யாருப்பா ஆத்தா?" என்றார் ஜட்ஜ்.

"மாடுங்க. அது ரோட்டுக்கே வரலைங்க. எறங்கிப் புளியமரத்துக்கிட்ட நின்னுச்சு. கயிறு மரத்துல கட்டியிருந்துச்சு. நான் அதுக்கும் அங்கிட்டு, பள்ளத்து ஓரமா நின்னேன். கட்டிப்போட்ட மாடு எப்படிங்க ஓடியாரும்? காருதான் ரோட்டை விட்டு எறங்கி வந்துச்சு. மரத்துல பட்டை உரிஞ்சு கெடக்கு, ஆள விட்டுப் பாக்கச் சொல்லுங்க."

"அப்ப ஒன் தப்பு இல்லையா?" என்றார் எதிர் வக்கீல்.

அவர் தொண்டையில் அந்த வார்த்தை ஏறி இறங்குவது எனக்கே தெரிந்தது.

"இல்லைங்க" என்றார்.

"பின்னே ஏன் அப்படிச் சொன்னே?"

"அந்த டிரைவர் தம்பி வெலவெலத்துப் போயி நின்னாருங்க. ஆறுதலா இருக்கட்டுமேன்னு சொன்னேன்."

ஆள் போய் மரத்தைப் பார்த்து வந்தது. தீர்ப்பு எங்கள் பக்கம், நஷ்டஈடு முழுசாக. கீரமங்கலம் பக்கம் போய் ஒரு நல்ல கறவை மாடு பிடித்துவந்தோம். டிரைவரைத் தனவந்தர் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நாளில் பார்த்தால், அந்த டிரைவர் வீட்டுக் கைக்குழந்தைக்கு எந்தப்பு சும்மா பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒங்க தப்பு இல்லைன்னு கோர்ட்டே சொல்லியாச்சு. இன்னும் என்னய்யா?"

"அது கோர்ட்டுக்குச் சரிங்க. இந்தப் பச்சப்புள்ளைக்குப் பால் நின்னு போச்சே, அதுக்கு யாராச்சும் ஏத்துக்கணும்ல?"

தப்பு யாருடையது என்று கேட்டே வயிறு வளர்த்தவன் நான். யாரும் கேட்காமலே அதை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிற மனிதர் அவர். நாளைக்கு எங்களுக்கு ஒரு ஆழாக்கு பால் கூடுதலாக வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் பால் வரவில்லை. வந்ததும் என்னென்ன திட்டவேண்டும் என்று யோசித்துக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். வந்தது அவருடைய மைத்துனர். எந்தப்பு தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அவர் தப்பு என்று நான் உண்மையாகவே சொல்லக்கூடியது அது ஒன்றுதான். அதற்கு மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வந்து நிற்க அவர் இல்லை. நானும் அதை இன்னும் மன்னிக்கவில்லை.