முள்ளங்கியும் நீலமானது

இராஜபாளையம்,
1937 பிப்ரவரி 15, திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மைத்துனர், வக்கீல் வேதமணி அவர்களுக்கு, அத்தான் சத்தியநேசன் எழுதுவது. இங்கு உங்கள் அக்காள் ஏசம்மாள் நல்ல சுகம். நானும் சுகந்தான் என்று நினைக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீங்களும் பிள்ளைகளும் குறைவின்றி இருக்க இருவரும் ஜெபிக்கிறோம்.

விஷயம் என்னவென்றால், அங்கே சப்ஜெயிலில் இருக்கும் செட்டியார்பட்டி மொக்கைச்சாமியை உள்ளே அனுப்பியது நான். அவனுக்கு நீங்கள்தான் வக்கீல் என்று நேற்றுத்தான் தெரிந்தது. மூன்று வாரத்துக்கு முன் கிணற்றுத் தண்ணீர் தகராறில் கண்ணுச்சாமி என்பவரை யாரோ பின்னாலிருந்து மண்டையில் அடித்துவிட்டார்கள் அல்லவா, மறுநாள் காலை ஏட்டு மாரிசாமி பழுப்புக் கறை படிந்த ஒரு துண்டையும் அதற்கு உரிய மொக்கைச்சாமியையும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "அது செம்மண்ணுய்யா, முள்ளங்கி புடுங்கின கையத் தொடச்ச துண்டு" என்றான் அவன். ஏட்டு, "மெட்ராசுக்கு அனுப்பினா பதில் வர மாசக்கணக்காகும் சார். நீங்க ஹைஸ்கூல்ல சயன்ஸ் வாத்தியாரா இருந்தவிய, ரத்தமா இல்லையான்னு செத்த நேரத்துல பாத்துச் சொல்லிருங்க" என்றார். மாட்டேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கறையின் ஓரத்தை நறுக்கி, குவாயக்கப் பிசின் கரைசலை விட்டு, மேலே இரண்டு சொட்டுப் பெராக்சைடு விட்டேன். இரத்தம் இருந்தால் நீலமாக வேண்டும். ஆனது. வாசலில் இருபது பேர் நின்றார்கள். முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் "அப்படித்தான் என்று தோன்றுகிறது" என்று மட்டுமே சொல்லி வந்த நான், அந்த நீலத்தின் அழகில் மயங்கி, "சந்தேகமில்லை, இரத்தம்" என்று சொல்லிவிட்டேன். மொக்கைச்சாமி என்னைத் திட்டவில்லை. தன் துண்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போலப் பார்த்தான்.

நேற்று ஆராதனை முடிந்து வந்தால், அவன் மனைவி வெள்ளத்தாய் ஒரு கூடை முள்ளங்கியோடு வாசலில் நிற்கிறாள். "புடுங்காம விட்டா வெடிச்சுப் போகும்யா. அவிய இல்லாம ஒத்தையில எம்புட்டுத்தான் விக்க? வச்சுக்கிடுங்க" என்றாள். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. போகும்போது, "படிச்சவிய நீங்க. துண்டைக் கேட்டிய, அது என்னமோ சொல்லிச்சு. இந்த முள்ளங்கியையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க" என்றாள். இன்று காலை கேட்டேன். நறுக்கிய முள்ளங்கியில் கரைசலை விட்டதும் அதே நீலம், அச்சு மாறாமல். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஓர் உருளைக்கிழங்கை நறுக்கி மிச்சமிருந்த கரைசலையெல்லாம் ஊற்றினேன். அதுவும் நீலம். உங்கள் அக்காள் எட்டிப் பார்த்து, "காய்கறி அம்புட்டையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டா மத்தியானம் எதைக் குழம்பு வைக்க?" என்றாள்.

ஆகவே துண்டில் இருந்தது முள்ளங்கிச் சாறு. சந்தேகமில்லை. புதன்கிழமை விசாரணையில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுங்கள். மொக்கைச்சாமி நிரபராதி என்று அடித்துச் சொல்கிறேன்.

கர்த்தருடைய கரம் உங்கள் வீட்டின் மேல் நிழலாக இருப்பதாக. பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள்.

அன்புள்ள அத்தான்,
சத்தியநேசன்

பி.கு.: உறையில் போடக் கடிதத்தை மடித்தபோது ஓரத்தில் ஒரு சிவப்புக் கறை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் அக்காள் என் கையைத் திருப்பி, "கட்டைவிரல்ல வெட்டிருக்கே, தெரியலையா?" என்றாள். முள்ளங்கி நறுக்கும்போது பட்டிருக்க வேண்டும். அந்தக் கையோடுதான் உருளைக்கிழங்கையும் நறுக்கினேன். நீலமானது முள்ளங்கியா, நானா? மறுபடி செய்து பார்க்கக் கரைசல் இல்லை. மதுரையிலிருந்து வர வெள்ளிக்கிழமை ஆகிவிடும். ஆகையால் மேலே "சந்தேகமில்லை" என்று எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள். ஒரே மாதத்தில் இரண்டு முறை நிச்சயமாக இருந்துவிட்டேன். அந்தத் துண்டில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரியாது. அன்றும் தெரியாது. என் வார்த்தையால் ஒருவன் உள்ளே இருக்கிறான். கோர்ட்டில் அத்தனை பேர் முன்னால் இதை எப்படிச் சொல்வேன் என்று உங்கள் அக்காளிடம் கேட்டேன். "முப்பது வருசமா எங்கிட்ட தெரியலையே, தெரியலையேன்னு சொல்றதத்தான அங்க போயிச் சொல்லப்போறிய? இதுக்கு என்ன பயம்?" என்று சொல்லிவிட்டு என் கோட்டைத் தேய்க்க எடுத்துப் போய்விட்டாள். புதன் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன்.