ஆணி இல்லாத சிலுவைகள்

நீலகிரி மாவட்டத்திலேயே அதிகமான பெண்களைச் சிலுவையில் ஏற்றியவர் யார் என்று கேட்டால், பாதையில் மண்புழு கிடந்தால்கூடத் தாண்டிப் போகிற ஒரு மனிதரைத்தான் நான் கைகாட்ட வேண்டியிருக்கும். பெற்றோர் வைத்த பெயர் அப்போது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. நேரில் பார்த்தால் 'ஆர்ட்டிஸ்ட் சார்'. அவர் முதுகைக் காட்டினதும் 'சிலுவை'.

மந்திரவாதி, வேற்றுக்கிரகம், பாதாள உலகத்து அரசி என்று ஓடிக்கொண்டிருந்த மாத நாவல்களுக்கு அட்டைப்படம் போடுகிறவர் அவர். கதை எதுவாக இருந்தாலும் படம் ஒன்றுதான். ஒரு பெண் கைகளை விரித்தபடி குறுக்குச் சட்டத்தில் கட்டுண்டு நிற்பாள். பின்னால் சூரியன் இறங்கும். காற்று பலமாக அடிக்கும். அவள் உடம்பில் இருப்பது துணிதான் என்பதைத் தவிர அதைப்பற்றி வேறு உத்தரவாதம் எதுவும் தர முடியாது. கைகள் மட்டும் கொஞ்சம் மூட்டை தூக்கின கைகளாக இருக்கும். அதைக் குறையாகச் சொல்கிற நிலைமையில் வாசகர்கள் இருந்ததில்லை.

கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டி தொலைந்துபோன கதை ஒன்றுக்கும் இதே படத்தை அனுப்பிவைத்தார். பதிப்பாளர் போன் செய்து, "பெட்டி எங்கீங்க சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"அந்தம்மா காலுக்குக் கீழ பாருங்க. வெச்சிருக்கறேன்."

இன்னொரு தரம், அவலாஞ்சி போகிற வழியில் மின்கம்பத்துக்கு ஓர் எச்சரிக்கைப் பலகை எழுதச் சொல்லி யாரோ கேட்டார்கள். மண்டை ஓடு போட்டால் பயந்துகொள்வார்களே என்று இரக்கப்பட்டு, கம்பத்தில் கட்டுண்ட ஒரு பெண்ணை வரைந்து கொடுத்துவிட்டார். அதுவரை ஆள் நடமாட்டமே இல்லாத அந்தக் கம்பத்தடியில் லாரிகள் நின்று போக ஆரம்பித்தன. ஒரு வாரத்தில் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.

எங்கள் பக்கத்துச் சர்ச்சின் பாதிரியார் ஒருநாள் அவர் வீடு தேடிப் போனார். பெரிய ரகளை நடக்கும் என்று நாங்கள் நாலைந்து பேர் வெளியே காத்திருந்தோம். அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்க சிலுவைய எதுக்குப்பா இப்படி எடுத்துக்கிட்ட?" என்று மட்டும் பாதிரியார் கேட்டார்.

"சாமி, உங்க சிலுவையில ஆணி இருக்குதுங்க. என்ற படத்துல ஒரு ஆணி காட்டுங்க பாக்கலாம். வெறும் கயிறுதானுங்க."

பாதிரியார் திரும்பவும் அட்டைகளைப் பார்த்தார். பிறகு காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார். ரகளை நடக்காததில் எங்களுக்கெல்லாம் வருத்தம்.

இதெல்லாம் தேயிலை விலை விழுந்துகொண்டிருந்த வருஷங்கள். பச்சை இலையைப் பறித்த கூலிக்குக்கூட விற்க முடியாமல், சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். பாதிக் குடும்பங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போயின. தோட்டத் தொழிலாளர்களின் எட்டு வீட்டு லயங்களில் ஆறு வீடு பூட்டிக் கிடக்கும். நான் கிளார்க்காக இருந்த தேயிலை ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. மீதி நாளெல்லாம் மேஜை இழுப்பறையில் மாத நாவலை வைத்துப் படித்துக்கொண்டிருப்பேன். அதுவும் இளைத்துக்கொண்டே வந்தது. வாங்க ஆள் இல்லாமல் ஒவ்வொரு நாவலாக நின்று போனது. கடைசியில் சிலுவைக்குப் படம் கேட்டு ஒரு கடிதம்கூட வராத நிலைமை.

அப்போதுதான் எங்களுக்கு அந்த யோசனை வந்தது. எங்களுக்கு என்றால் எனக்கும், அருவங்காடு வெடிமருந்து ஃபாக்டரியில் வேலை பார்த்த ஃபிட்டர் கோபாலுக்கும். கோபால் நூலளவு பிசகைக்கூடப் பொறுக்க மாட்டார். சிலுவையின் படம் வந்த நாவல் ஒன்று விடாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தவர் அவர். "மனுசன் நொந்து போய்க் கெடக்கறாருங்க. ஒரு பாராட்டு விழா எடுப்போம்" என்றார். பாதி பக்தி, பாதி பொழுதுபோகாத கிண்டல். என் பங்கில் கிண்டல்தான் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிப்பட்ட ஓவியருக்கு எந்தக் கல்யாண மண்டபத்தில் இடம் கொடுப்பார்கள்? கடைசியில் எங்கள் ஃபாக்டரியின் மாடியே கைகொடுத்தது. இலையைப் பரப்பி வாட்டுகிற மாடி. இலையே வராததால் காலியாகத்தான் கிடந்தது. ஃபாக்டரிப் பொறுப்பிலிருந்த டீ மேக்கர் சாவியைக் கொடுக்கும்போது, "எனக்கு ஒண்ணும் தெரியாது. முன்வரிசையில ஒரு சேர் மட்டும் போட்டு வைங்க" என்றார்.

சிலுவை ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"என்ற ஊட்டுக்காரி வந்து முன்னாடி உக்காரோணும். ஒரு தடவ என்ற படத்த அவ பாக்கோணும். அது போதுமுங்க. மால கீல ஒண்ணும் வேண்டாம்."

அவர் மனைவி ராமாயி, இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு கப்பலேறி வந்தவர். பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். முப்பது வருஷம் அதே வீட்டில் குடித்தனம் செய்தும், புருஷன் வரைந்த படம் ஒன்றைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் வரைகிற அறைக்குள் பெருக்கப் போனால் தரையை மட்டும் பார்த்துக்கொண்டு பெருக்கிவிட்டு வந்துவிடுவாராம்.

முதல் தடவை போய்க் கேட்டோம். "எனக்கு ஏலாது" என்றார். இரண்டாம் தடவை கோபால் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போனார். ராமாயி பழத்தை வாங்கிக்கொண்டார், அழைப்பை வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றாம் தடவை நான் தனியாகப் போனபோதுதான் விஷயத்தைச் சொன்னார்.

"மலைக்குப் போனா கூட பறிக்கிறவளுக கேக்குறாளுக, 'ஒன்னைய எப்ப ராமாயி கட்டி வைக்கப் போறாரு'ன்னு. நான் காது கேக்காத மாதிரி பறிச்சுக்கிட்டே இருப்பேன். அந்தப் படத்த ஒருக்கா பாத்துட்டேன்னா, பொறகு அவரு மொகத்த பாக்க எனக்கு ஏலாது கிளாக்கரய்யா. பாக்காம இருக்குறதாலதான் சோறு போட்டுக்கிட்டிருக்கேன்."

அந்த விழாவைக் கூட்டுகிறவன் என்ற முறையில் அன்று கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. இதற்குள் கோபால் அழைப்பிதழையே அச்சடித்துவிட்டார். 'ஆர்ட்டிஸ்ட் சார் அவர்களுக்குப் பாராட்டு விழா. சிறப்பு விருந்தினர்: திருமதி ராமாயி.'

கோபால் செய்த இன்னொரு காரியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். விழாவுக்காகப் பெரிய படம் ஒன்று வரையும்படி சிலுவையிடம் கேட்டிருந்தோம். அப்போது கோபால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சார், தப்பா நெனக்காதீங்க. உங்க படத்துல எல்லாமே அமோகமுங்க. அந்த மணிக்கட்டு முடிச்சு மட்டும் சரியில்லீங்க. லேசா இழுத்தா அவுந்துரும். லோடு தாங்காது" என்றார். சொன்னதோடு விடாமல், இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு ஒன்றை மேஜைக் காலில் போட்டும் காட்டினார்.

சிலுவை அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "செரிங்க. பெரியவங்க சொன்னா கேட்டுக்கோணும்" என்றார். கோபால் அவரைவிட இருபது வயது சின்னவர்.

விழா அன்று காலையிலிருந்தே பனி. பத்து மணிக்கு மாடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எஸ்டேட் ஆபீஸ்காரர்கள், கடைக்காரர்கள், வெலிங்டனிலிருந்து மப்ளரால் முகத்தை மறைத்துக்கொண்டு நாலு பேர். ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "நீங்களுமா?" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டார்கள். பத்தரை ஆகியும் விழா நாயகனைக் காணோம். நானும் கோபாலும் அவர் வீட்டுக்கு ஓடினோம்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனோம். கற்பூர மரச் சட்டங்கள் இரண்டைக் குறுக்கே அறைந்து சுவரோடு நிறுத்தியிருந்தது. அதில் குரங்குக் குல்லா, கம்பளி ஸ்வெட்டர், கட்டம் போட்ட லுங்கி சகிதமாக, இரண்டு கைகளும் கட்டுண்டு சிலுவை நின்றுகொண்டிருந்தார். எதிரே நிலைக்கண்ணாடி.

"வாங்க, வாங்க. உக்காருங்க" என்றார்.

அந்த மூட்டை தூக்கின கைகள் யாருடையவை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாடலுக்கு ஒரு பெண்ணை நிறுத்த அவருக்கு வசதியும் இல்லை, தைரியமும் இல்லை. தன்னையே கட்டிக்கொண்டு, கண்ணாடியில் பார்த்து மனசில் வாங்கிக்கொண்டு, அவிழ்த்துக்கொண்டு போய் வரைவார். இடது கையை வலது கையால் கட்டுவார். வலது கைக்கு முன்பே சுருக்கு போட்டு வைத்திருப்பார். பழைய முடிச்சு என்றால் கயிற்றின் நுனியைப் பல்லால் ஓர் இழு இழுத்தால் போதும். அன்று காலை ராமாயி வேலைக்குப் போன பிறகு கோபாலின் முடிச்சைப் போட்டுப் பார்த்தார். பனியில் ஊறின சணல் கயிறு அப்படியே கவ்விக்கொண்டது.

கோபால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முடிச்சைச் சுற்றி வந்து பரிசோதித்தார். "முடிச்சு சுத்தமா விழுந்திருக்குதுங்க" என்றார். பெருமையை மறைக்கத் தெரியவில்லை. நகத்தால் நெம்பினார், ஸ்பானரால் நெம்பினார், அசையவில்லை. நான் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"அறுக்காதீங்க" என்றார் சிலுவை. "அது அவ இலைச் சாக்குக் கயிறு. சாயங்காலம் தேடுவா. அவளையே கூட்டிக்கிட்டு வாங்க."

ராமாயி தேயிலைக் காட்டிலிருந்து, சேலை நனையாமல் இடுப்பில் கட்டின படங்குச் சாக்கோடு, சேற்றுக் காலோடு வந்தார். வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்து, புருஷனின் கையைப் பிடித்தார். "யாரு போட்ட முடிச்சு இது?"

கோபால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எப்பவும் எப்புடிக் கட்டுவீங்க?"

"உன்ற முடிச்சுத்தான் ராமாயி. செவுத்துல இருக்குது பாரு."

சுவர் பூராவும் அட்டைகள். ராமாயி பிடித்திருந்த கையை விட்டார். பிறகு தலையைத் தூக்கினார். ஓர் அட்டைக்குப் பக்கத்தில் போனார். அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததைப் பார்த்தார். அவர் கண் முகத்துக்கும் போகவில்லை, உடம்புக்கும் போகவில்லை. ஒவ்வொரு படத்திலும் மணிக்கட்டை மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

"இது சாக்கு முடிச்சுல்ல."

"ஆமா."

எடை போடுகிற இடத்தில் வரிசையில் பின்னால் இருக்கிறவர்கள் கத்துவார்கள் என்று, கொழுந்துச் சாக்கின் வாயை ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரிக் கட்டுவார்கள். அந்த முடிச்சு.

"எல்லாத்துலயுமா?"

"மொதப் படத்துலருந்து. நீ கட்டறதப் பாத்துத்தான் பழகுனேன்."

"அப்ப இவளுக எல்லாம் எறங்கிப் போயிருவாளுகளே."

"அதுக்குத்தானே போட்டது. கட்டுனவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தனை வருஷம் அந்தப் படங்களை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவன் நான். மணிக்கட்டை ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்த ஒரே ஆள் கோபால், அவரும் அதைத் தப்பு என்று சொல்லித் திருத்தினார்.

ராமாயி தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவி முடிச்சுக்குள் விட்டு, கொழுந்து பறித்துக் காய்ப்பேறின கட்டை விரலால் அழுத்தினார். ஐந்து நிமிஷத்தில் இரண்டு கையும் விடுபட்டது. கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, "நேரமாச்சு. வாங்க போவோம்" என்றார். சேலை மாற்றவில்லை, படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. டீ மேக்கருக்குப் போட்டு வைத்த முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். டீ மேக்கர் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வீட்டிலிருந்து மூடின துணியோடு அப்படியே தூக்கிக்கொண்டு வந்த பெரிய படத்தின் திரையை விலக்கினோம். காலையில் மாட்டிக்கொண்டதால் அவர் அதை முடித்திருக்கவில்லை. சூரியன் இருந்தது, குறுக்குச் சட்டம் இருந்தது, இரண்டு பக்கமும் கயிறு தொங்கியது. பெண்ணைக் காணோம். கூட்டம் திகைத்துப் போய் உட்கார்ந்திருந்தது. கோபால் மைக்கைப் பிடித்து ஏதோ விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"இவ எறங்கி ஊட்டுக்குப் போயிட்டா" என்றார் ராமாயி, முன்வரிசையிலிருந்து. மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. கை தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கிண்டல் செய்யலாம் என்று வந்த நானும் தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன்.

சிலுவை பேச எழுந்தார். கயிறு பதிந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு அட்டைப்பட வேலை வரவேயில்லை. அடுத்த வருஷம் எங்கள் ஃபாக்டரியையும் பூட்டினார்கள், நான் மலையை விட்டு இறங்கி வந்துவிட்டேன். ஆனால் அன்று விழா முடிந்து அவர்கள் இரண்டு பேரும் தேயிலைச் சரிவில் இறங்கினது அப்படியே நினைவில் இருக்கிறது. ராமாயி அவர் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டபடியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடிப் போய், "சார், உங்க பேரு என்னங்க சார்?" என்று கேட்டேன். அத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. அவர் நின்று, குல்லாவைக் கழற்றிக்கொண்டு, வெட்கப்பட்டுச் சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை. அது என்னிடமே இருக்கட்டும்.