நடக்க உத்தரவு கொடுத்த எலுமிச்சம்பழம்

வியாழக்கிழமை வந்தால், புக்கிட் பெருவாங்கில் இருக்கும் அந்தப் பராமரிப்பு இல்லத்தின் வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. டாக்டர் வருகிறாரா என்று கேட்காதீர்கள். டாக்டர் வரும் நாளில் இரண்டு கார் நின்றாலே அதிசயம். வருவது எலுமிச்சைச் சாமி!

புதுக் கார் வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஓட்டுவது நம்மவர் வழக்கம். ஆபரேஷன் முடிந்தவர்கள் பிடித்து நடக்கும் வாக்கருக்கும் யாரோ ஒரு பக்திமான் அதே பூசையைப் போட்டு வைத்தார். அதற்கும் நான்கு கால் இருக்கிறதே, பிறகென்ன! அந்தச் சந்தில்தான் சாமி உள்ளே நுழைந்தார். வாக்கரில் கை வைக்கும் முன் பழம் உத்தரவு தர வேண்டுமாம். செம்புத் தண்ணீரில் பழம் மிதந்தால் நடக்கலாம். மூழ்கினால் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது.

பெத்தம்மாளின் பழம் இரண்டு வாரமும் மூழ்கியது.

பெத்தம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் செயற்கை மூட்டு வைத்து, உடம்பு தேறுவதற்காக இங்கே வந்தவர். பாச்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் இருபது வருடம் ஊறுகாயும் உப்பு முட்டையும் விற்றவர். யார் துணையும் இல்லாமல் கழிவறைக்கு நடந்துவிட்டால் வீட்டுக்குக் கூட்டிப்போவதாக மகன் தினேஸ்வரன் சொல்லியிருந்தான். முடியாவிட்டால் இங்கேயே நிரந்தரம். அவருக்கோ வீட்டு நினைப்பிலேயே சோறு இறங்கவில்லை.

நடைப்பயிற்சி கொடுக்க வரும் அஞ்சனா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணா, டாக்டர் நடக்கச் சொல்லிட்டார். இப்பிடியே படுத்துக் கிடந்தா எண்டால், அம்மாவின்ர காலில இருக்கிற கொஞ்சப் பலமும் போயிடும்."

"டாக்டர் எலும்பைத்தான் பார்ப்பாரு. பழம் கண்ணுக்குத் தெரியாததைப் பார்க்கும் லா," என்றான் தினேஸ்வரன். இத்தனைக்கும் அவன் ஃபேக்டரியில் தரம் சோதிக்கும் அதிகாரி. சோதிக்கிற புத்தியை யூனிஃபார்மோடு கழற்றி மாட்டிவிட்டு வந்திருப்பான் போலும்.

பெத்தம்மாளும் முதலில் நம்பத்தான் செய்தார். ஆனால் எதிர்க் கட்டில் சேகரனுக்கு இரண்டு தரம் மூழ்கிய பழம், அவர் குடும்பம் ஸ்பெஷல் பூசைக்குப் பணம் கட்டிய கையோடு ஜம்மென்று மிதந்தது. அந்தத் தடவை சாமி எடுத்தது வழக்கமான எவர்சில்வர் செம்பை அல்ல, பித்தளைச் செம்பை. அதன் கழுத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பெத்தம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். இருபது வருடம் ஊறுகாய்ப் பானையில் பார்த்த பூ அது!

மூன்றாவது வியாழக்கிழமை காலையில் கொடுத்த அவித்த முட்டையை அவர் தின்னவில்லை. ஓட்டோடு முந்தானையில் முடிந்துகொண்டார்.

கூடத்தில் கூட்டம் நெருக்கியது. சாமி பழத்தை எவர்சில்வர் செம்பில் போட்டார். முழுகியது.

"அம்மா, உங்க கால்ல பாரம் இன்னும் இறங்கலை. ஸ்பெஷல் பூசை ஒன்னு போட்டுட்டா..."

"அதுக்கு முன்னாடி என் பழத்தை அந்தப் பித்தளைச் செம்புல போட்டுப் பாருங்களேன் சாமி."

"ஆளுக்கு ஆள் தீர்த்தம் வேற! மாத்தினா தெய்வக் குத்தம்!"

"சரி, அப்ப நான் போடறேன்." முந்தானையை அவிழ்த்து, முட்டையை எவர்சில்வர் செம்பில் விட்டார். அடியில் போய் உட்கார்ந்தது.

"ஐயையோ, கவிச்சி!" என்று சாமி அலறுவதற்குள் அதை எடுத்துப் பித்தளைச் செம்பில் விட்டார். முட்டை சுகமாக மிதந்தது.

"அட, முட்டைக்கு நடக்க உத்தரவு கிடைச்சிருச்சு! அதுக்குக் கால் எங்க சாமி இருக்கு?" என்று கேட்டார் பெத்தம்மாள்.

சேகரன் எட்டி விரலை விட்டு நாக்கில் வைத்தார். "த்தூ! கடல் தண்ணி மாதிரி கரிக்குது! இதுக்கா என்னை ரெண்டு வாரம் படுக்கப் போட்டீங்க?"

"உப்புக் கரைச்ச தண்ணியில முட்டையும் மிதக்கும், எலுமிச்சம்பழமும் மிதக்கும். ஊறுகாய்க்காரிக்கிட்டயே உப்பு வியாபாரமா?" என்றார் பெத்தம்மாள்.

சாமி செம்புகளையும் பழங்களையும்கூட எடுக்கவில்லை. அன்று அந்த இல்லத்தில் மிக வேகமாக நடந்தவர் அவர்தான். அவர் எந்தப் பழத்திடமும் உத்தரவு கேட்கவில்லை.

அஞ்சனா வாக்கரைக் கொண்டுவந்து வைத்தாள். பெத்தம்மாள் எழுந்தார். இரண்டு வாரம் சும்மா கிடந்த கால் வெடவெடவென்று நடுங்கியது. வலியில் கண்ணீர் வந்துவிட்டது. பதினோரு அடி நடந்ததும் உட்கார்ந்துவிட்டார். கழிவறை இன்னும் தூரத்தில்தான் இருந்தது. கூட்டத்தில் நின்ற தினேஸ்வரனால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிரும்மா. உங்க நல்லதுக்குத்தான்னு நெனச்சேன்."

"தெரியும்டா. நாளைக்கு இருபது அடி நடப்பேன், நீ வந்து கூட நில்லு. அந்தப் பழத்தையெல்லாம் அள்ளிட்டுப் போ, வீட்டுக்கு வந்து ஊறுகாய் போடறேன்." மூச்சு வாங்கிக்கொண்டு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "இனிமே எவனாச்சும் செம்பைத் தூக்கிட்டு வந்தா, கையெடுத்துக் கும்பிடறதுக்கு முன்னாடி தண்ணியைத் தொட்டு நக்கிப் பாருங்க. யோசிக்கத்தான் சோம்பேறித்தனம், நாக்கை நீட்டவுமா சோம்பேறித்தனம்?"