பிணத்துக்கும் டீ பிரேக்

உலகத்தில் எந்த நாடகக் குழுவிலும் பிணத்துக்கு டீ பிரேக் கிடையாது. எங்கள் குழுவில் உண்டு. உபயம், விசில் அண்ணன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த மனுஷன். ராணிப்பேட்டையில் எங்கள் குழுவைத் தொடங்கியபோதும் கழுத்து விசிலைக் கழற்றவில்லை. ஒத்திகைக்கு ஒரு விசில், டீக்கு ஒரு விசில். தாமதமாக வந்தால் கேட்டுக்கு வெளியேதான்.

"நாடகம் இன்னா பொழுதுபோக்கா? வேலை! வேலைன்னா ஷிப்டு வேணும், சம்பளம் வேணும்" என்பார்.

ஷிப்டு இருந்தது. சம்பளம்தான் இல்லை. கதாநாயகி கலா ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வந்து, கொட்டாவி விட்டபடியே காதலிப்பாள். அவளும் விலகப்போவதாகச் சொல்லிவிட்டாள். அரசாங்க உதவி கிடைத்தால் நடிகர்களுக்கு மாதச் சம்பளம். இல்லாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

உதவி கொடுக்கலாமா என்று ஒத்திகையைப் பார்வையிட ஓர் அதிகாரி அம்மா வந்தார். நான்தான் பிணம். என் மேல் விழுந்து கலா கதறுகிறாள். அதிகாரி கண்ணைத் துடைக்கிறார். அந்த நேரம் பார்த்து, பீ...ப்!

பழக்கதோஷம்! கலா அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். நான் எழுந்து வேட்டியை உதறி டீக்கு வரிசையில் நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. ஐயோ, குடி மூழ்கிப்போச்சு!

"இன்னாண்ணா இப்டி பண்ணிட்டீங்க?" என்றாள் கலா.

"டைம் ஆய்டுச்சும்மா. கை தானா போய்டுச்சு." அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி மேடைக்கு வந்தார். "இது நாடகத்துலயே வருதா?"

"இல்லீங்கம்மா. டீ பிரேக்கு" என்றார் அண்ணன்.

"தினமுமா?"

"லீவு நாள் தவிர."

"எங்க போனாலும், வேலை போக மிச்ச நேரத்துலதான் நாடகம்னு சொல்றாங்க. இங்க நாடகமே வேலையா இருக்கு" என்றவர், "எனக்கும் ஒரு டீ குடுங்க" என்றார்.

உதவி வந்தது. சம்பளம் வந்தது, வார விடுமுறை வந்தது. விதிகளை அண்ணன் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம். அதில் ஒன்று, ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. அடுத்த மாதமே அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

"உங்களுக்கு மட்டும் ரூலைத் தள்ளி வெச்சிக்கலாம்ணா" என்று கெஞ்சினேன்.

"பேஜார் பண்ணாதப்பா. ரூல்னா ரூல்தான்." விசிலைக் கலா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

இப்போது எல்லா நாடகத்துக்கும் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்காருகிறார். பிணமாகப் படுத்தபடி ஒற்றைக் கண்ணைத் திறந்து அந்த நாற்காலியைப் பார்ப்பேன். அவர் வராத நாளில் எனக்குச் சாகவே மனசு வராது.