கம்ப்யூட்டருக்கும் சாட்சி சொன்னவர்

உலகத்தில் நடந்த எல்லாவற்றையும் நேரில் பார்த்த ஒரே மனிதர் எங்கள் மீனவக் குப்பத்தில்தான் இருக்கிறார். நடக்காததையும் பார்த்திருக்கிறார். பொன்னேரி கோர்ட்டில் யார் வழக்கு நடந்தாலும் அழைக்காமலே போய் நிற்பார். சைக்கிள் மோதிய ஒரு வழக்கில் இரண்டு தரப்புக்கும் சாட்சி சொல்லிவிட்டு, “ரெண்டு பேருமே மெய்யாலுமே நல்லவங்க ஐயா” என்று கும்பிட்டு இறங்கியவர். அதனால் ஊரில் அவருக்குப் பெயர் சாட்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதற்குச் சாட்சி இல்லை.

அவர் என் லேப்டாப்புக்குள் மூக்கை நுழைத்ததற்கு நான்தான் காரணம். சென்னையில் வேலை போய் ஊர் திரும்பிய நான், வீடியோ பார்த்து ஜாங்கோ கற்றுக்கொண்டிருந்தேன். பைத்தான் மொழியில் வெப்சைட் கட்ட உதவும் சாமான் அது. கற்றுக்கொண்டிருந்தேன் என்பது என் தரப்பு. என் மனைவியின் தரப்பு வேறு: “மஞ்சாக் கலர்ல எர்ரர் வருது, அதைப் பாத்துகினே உக்காந்துகீறாரு.”

இந்த லட்சணத்தில், ஊர்க் கூட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், பாடு முறையை வெப்சைட்டில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்கிற முறைதான் பாடு. அதில் குழப்பம் வந்தால் அன்றைக்கு மீன் பிடிபடாது, சட்டைதான் பிடிபடும்.

ஊர் மீனவர்களையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றிவிட்டு, முதலில் தேசப்பனைத் தேடினேன். ‘டஸ் நாட் எக்ஸிஸ்ட்’ என்று வந்தது. சாட்சி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“இன்னாடா சொல்லுது?”

“தேசப்பன்னு ஒரு ஆளே இல்லையாம்ணா.”

“ஆளே இல்லையா?” அவருக்கு முகம் சிவந்துவிட்டது. விடுவிடுவென்று வெளியே போனார். கொஞ்ச நேரத்தில், தைத்துக்கொண்டிருந்த வலையைத் தோளில் போட்டபடி தேசப்பனே வந்து நின்றார். சாட்சி அவரை லேப்டாப் கேமராவுக்கு நேராக உட்கார வைத்தார்.

“இல்லைன்னியே, இது யாரு? நல்லாப் பாத்துக்கோ.”

தேசப்பன், பாவம், கேமராவைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்தார்.

பெயருக்குப் பின்னால் நான் தெரியாமல் ஓர் இடைவெளி தட்டியிருந்தேன். அதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. ஆனால் தேசப்பனின் வணக்கத்துக்குப் பிறகுதான் கம்ப்யூட்டர் வழிக்கு வந்தது என்று சாட்சி இன்றும் சத்தியம் செய்வார்.

அடுத்த வம்பு கன்னியப்பனால் வந்தது. நான் எழுதிய ‘கெட்’ கட்டளை ஒரே ஓர் ஆளைத்தான் எடுத்துத் தரும். கூட ஒருவர் அகப்பட்டாலும் கையை விரித்துவிடும். எங்கள் ஊரிலோ தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பார்கள், எல்லாத் தாத்தாவுக்கும் ஏகப்பட்ட பேரன்கள். கன்னியப்பன் என்று தேடியதும் ஐந்து பேர் வந்துவிட்டார்கள். திரையில் மட்டுமல்ல, வாசலிலும். சாட்சி அவர்களை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

“உங்களுக்குள்ள பேசி ஒருத்தன் மட்டும் கன்னியப்பனா இருங்க. மத்தவங்க கொஞ்ச நாளைக்கு வேற பேர் வெச்சுக்கோங்க. பையன் படிக்கறான்.”

“நைனா வெச்ச பேருண்ணா,” என்றார் ஒரு கன்னியப்பன்.

“உங்க நைனாகிட்ட நான் சொல்லிக்கறேன். கம்னு இரு.”

ஆளுக்கொரு எண் கொடுத்துத் தேடி, ஐந்து பேரையும் அவரவர் பெயரோடே வீட்டுக்கு அனுப்பினேன்.

வெப்சைட் எல்லார் போனிலும் ஓடத் தொடங்கியது. டீக்கடையில் என்னை ‘இன்ஜினியர்’ என்றார்கள். நானும் மறுக்கவில்லை. அப்போதுதான் பவுனம்மா அக்காவின் நாள் வந்தது.

அக்காவின் கணவர் முனுசாமி போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். எங்கள் குப்பத்தில் ஆள் போனாலும் பாடு போகாது. அவர் பெயரிலேயே முறை வரும், அவர் மச்சான் போய் வலை கட்டுவார், விழுகிற இறால் அந்த வீட்டுக்கு. அக்கா வீட்டு அடுப்பு அதை நம்பித்தான் எரிகிறது. ஆனால் அன்று காலை வெப்சைட்டில் அந்த இடத்துக்கு நேரே ‘ஆள் இல்லை’ என்றிருந்தது.

முறையில் அடுத்தவரான ஏழுமலை, கரையில் போனைத் தூக்கிக் காட்டினார். “ஊரு ஒத்துக்கினதுதானே இது? ஆள் இல்லைன்னு போட்டுகீது. அப்ப இன்னிக்கு என் பாடு.”

பவுனம்மா அக்கா என்னைப் பார்த்தார். இன்ஜினியர் தரையைப் பார்த்தார்.

சாட்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“யாரு இல்லைன்றது? முனுசாமியா? இன்னிக்குக் காலைல கூட அவனாண்ட பேசினேனே.”

முனுசாமியைத் தூக்கிப் போன நாலு பேரில் சாட்சியும் ஒருவர்.

பவுனம்மா அக்காதான் மெதுவாகக் கேட்டார்: “இன்னாண்ணா சொன்னாரு?”

கோர்ட்டில் எந்தக் கேள்விக்கும் தயங்காதவர், அன்று கொஞ்சம் தயங்கினார். “என் பாடு எங்கயும் போவக்கூடாதுன்னான். உன்னை வேளைக்குத் துன்னச் சொன்னான்.”

அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏழுமலை போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். “விடுண்ணா. முனுசாமி அண்ணனாண்ட நான் எப்டி சண்டைக்குப் போவறது? அண்ணி ஊட்டு வலையே கட்டட்டும்.” பொன்னேரி கோர்ட்டில் ஒரு தடவையும் எடுபடாத சாட்சி, கரையில் எடுபட்டுவிட்டது.

நான் வீட்டுக்கு ஓடி லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். இறந்தவர்களைத் தேடலில் காட்டாதே என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். பக்கம் சுத்தமாக இருக்கும் என்று ஏதோ வீடியோவில் சொன்னார்கள். முனுசாமி டேட்டாபேஸில் இருந்தபடியேதான் இருந்தார், என் தேடலுக்குத்தான் கண் அவிந்திருந்தது. வரியை எடுத்ததும் பெயர் வந்தது. பின்னாலேயே வந்த சாட்சி திரையை நெருங்கிப் பார்த்து, “நான் சொல்லல?” என்றார்.

அவருக்குப் படகு இல்லை, வலை இல்லை, பாடும் இல்லை. ஆனாலும் டேட்டாபேஸில் அவருக்கு ஒரு வரி சேர்த்து வைத்திருக்கிறேன், ‘சாட்சி’ என்றே. புரோகிராமில் எதைத் தொட்டாலும் முதலில் அந்தப் பெயரைத்தான் தேடிப் பார்ப்பேன். இல்லை என்று வந்துவிடுமோ என்று ஒரு கணம் பயமாக இருக்கும். இன்றுவரை வந்ததில்லை. இரண்டு பேர் என்றும் வந்ததில்லை.