அரை மணி நேரக் கேப்டன்

"தம்பி, பொண்ணு வீட்டுக்காரங்க படகுல ஏறிட்டாங்க. இப்ப அங்க வந்துருவாங்க."

அவ்வளவுதான். தரகர் வைரக்கண்ணு போனை வைத்துவிட்டார். பரிதியின் ஒரு கையில் கத்தி, மறு கையில் பாதி நறுக்கிய வஞ்சிரம்.

தரங்கம்பாடிக் கோட்டைக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டு நின்றது அந்தப் பாய்மரப் படகு. பாண்டிச்சேரியில் கிளம்பி, கரையோரமாகவே போய், பாம்பன் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் சுற்றுலாப் படகு. வந்திருந்த பயணிகள் கோட்டை பார்க்கக் கரைக்குப் போயிருந்தார்கள். படகில் மிச்சம் இரண்டே பேர். கேப்டன் மர்யம், காரைக்கால்காரர். சமையல்காரன் பரிதி, திருவையாற்றுப் பக்கம்.

ஆனால் பெண் வீட்டில் வைரக்கண்ணு சொல்லி வைத்திருந்ததோ, பரிதிதான் கேப்டன் என்று. அவரையும் குறை சொல்வதற்கில்லை. சமையல்காரன் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்த வீடுகள் ஊருக்கு ஒன்று இருந்தன. பூவிழி விஷயத்தில் அந்த விஷப் பரீட்சைக்குப் பரிதி தயாராக இல்லை. போனில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். அவன் ஏதோ அசட்டுத்தனமாகச் சொல்லப்போக, வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து பயலுக்குத் தூக்கம் சரியில்லை.

"அக்கா, அரை மணி நேரம் நான் கேப்டன், நீங்க சமையல்காரம்மா. உங்க காலைப் பிடிக்கிறேன்."

மர்யம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதுக்கு மேல கிடையாது."

"நான் மேலேருந்து சொல்லித் தர்றேன்."

"படகை யாரு பார்த்துக்குவா?"

"நின்ன இடத்துலதானக்கா நிக்கப் போவுது."

தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் பரிதிக்கு வந்தன. கத்தியும் வஞ்சிரமும் மர்யத்துக்குப் போயின.

மீனவர் பஞ்சநதத்தின் பைபர் படகு பக்கத்தில் வந்து ஒட்டியது. பூவிழியின் அப்பா கோவிந்தராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அம்மா அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். பூவிழிக்கு பேங்க்கில் லீவு கிடைக்கவில்லையாம்.

கோவிந்தராசு கடலை ஒரு சுற்றுப் பார்த்தார். "இம்புட்டுத் தண்ணி கெடக்கு. ஒரு மா நெலத்து நடவுக்கு ஆவாது."

அமிர்தம் மூக்கை உறிஞ்சினாள். "மீன் குழம்பா தம்பி? இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டே போறோம்."

பரிதிக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்றது. சம்பந்தம் முடிவாகாமல் பிள்ளை இடத்தில் பெண் வீட்டார் கை நனைக்கமாட்டார்கள். அவர்களே வாய்விட்டுக் கேட்கிறார்கள் என்றால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி.

"தாராளமாம்மா. கீழ சமையல்காரம்மா செஞ்சுக்கிட்டிருக்காங்க."

"உங்களுக்குச் சமைக்க வருமா?"

"அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாதுங்க."

அமிர்தமும் கோவிந்தராசுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அது மரியாதை என்று பரிதி எடுத்துக்கொண்டான்.

"அப்ப படகைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டுங்க தம்பி," என்றார் கோவிந்தராசு.

"இப்பவா? காத்து இல்லீங்களே."

கோவிந்தராசு தோள் துண்டை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். அது படபடவென்று அடித்துக்கொண்டது. "இந்தக் காத்துக்கு ஒரு களத்து நெல்லைத் தூத்திரலாமே."

"அலையும் இருக்குங்க. அம்மாவுக்குத் தலை சுத்தும்."

"நான் மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன்," என்றாள் அமிர்தம்.

எல்லா வழியும் அடைபட்டது. பரிதி படிக்கட்டில் குனிந்து, "சமையல்காரம்மா, செத்த மேல வாங்க," என்று பரிதாபமாகக் கூப்பிட்டான்.

வெங்காயத் தோலைக் கடலில் கொட்டுகிற சாக்கில் மர்யம் மேலே வந்தார். போகிற போக்கில் நங்கூரத்தை ஏற்றும் பொத்தானை அழுத்தி, முன்பாயை அவிழ்த்துவிட்டு, "சுக்கானை விட்டுடாத," என்று அவன் காதருகே முணுமுணுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

"சமையல்காரம்மா நல்ல சுறுசுறுப்பு," என்றார் கோவிந்தராசு.

பாய் புடைத்தது. படகு ஒரு பக்கம் சாய, பரிதி இன்னொரு பக்கம் சாய்ந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சுக்கானைப் பிடித்திருக்கிறான்.

கீழேயிருந்து மர்யத்தின் குரல் வந்தது. "கேப்டன், இப்ப சுக்கானை வலது பக்கம் திருப்புவீங்கல்ல? பாத்திரம் சரியும், சொல்லிட்டுத் திருப்புங்க."

"இதோ திருப்புறேன். நீங்களும் இப்ப புளியைக் கரைச்சு ஊத்துவீங்கல்ல?"

"ஊத்திட்டேன். மீனை அப்பவே போட்டுட்டேன்."

"அய்யோ, கொதி வந்தப்பறமில்ல போடணும்!"

கோவிந்தராசுவின் முகம் சட்டென்று மலர்ந்தது. "அடுப்பே தெரியாதுன்னீங்க தம்பி?"

பரிதி தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டான். "சும்மா ஒரு யூகம்தாங்க. வீட்டுல அம்மா சொல்லிக் கேட்டது."

மலர்ந்த முகம் வாடிவிட்டது. அதற்குள் படிக்கட்டு வழியாகக் கரும்புகை கிளம்பியது. கீழே மர்யம் இருமிக்கொண்டிருந்தார். கட்டளை எதுவும் வரவில்லை. எதிரே மீன்வலையின் மிதவைகள் வரிசையாகத் தெரிந்தன. தூரத்தில் தன் படகில் நின்ற பஞ்சநதம் இரண்டு கையையும் ஆட்டினார். பரிதிக்குக் கை கால் ஓடவில்லை. குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, சுக்கானை ஒரே சுற்றாகச் சுற்றினான்.

படகு அரைவட்டம் அடித்து, மிதவைகளை ஒட்டி வழுக்கிக்கொண்டு போய், கிளம்பின இடத்துக்கே வந்து, பாய் தொய்ந்து, சாதுவாக நின்றது. புகையோடு மேலே வந்த மர்யம் அதைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு, அப்புறம் நினைவு வந்தவராய் நங்கூரத்தைப் போட்டார்.

கோவிந்தராசு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அசந்துபோய்விட்டார் மனுஷர் என்று பரிதி நினைத்தான்.

குழம்பு வந்தது. தார் போட்ட ரோடு நிறம். அமிர்தம் ஒரு வாய் எடுத்து வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"இதைச் செஞ்சது நீங்க இல்லியே தம்பி?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எங்கம்மா மேல சத்தியமா இல்லீங்க. நான் கேப்டன்ங்க."

அமிர்தம் பெருமூச்சு விட்டாள். கையைக் கழுவிக்கொண்டு இருவரும் எழுந்தார்கள். "வர்றோம் கேப்டன் சார்," என்று கும்பிட்டுவிட்டு இறங்கினார் கோவிந்தராசு.

இதுவரை தம்பி, இப்போது கேப்டன் சார். பரிதிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பைபர் படகு கரைக்குப் போகும்வரை கையாட்டிக்கொண்டே நின்றான்.

"கல்யாணத்துக்கு நான்தான் சமைப்பேன்," என்றார் மர்யம்.

பயணிகளை ஏற்றிக்கொண்டு பஞ்சநதம் திரும்பி வந்ததும், பரிதி அவரைத் தனியே இழுத்தான். "அண்ணே, போறப்ப என்ன பேசிக்கிட்டாங்க?"

பஞ்சநதம் பீடியைப் பற்றவைத்தார்.

"நீங்க நெசத்துல சமையல்காரருன்னு யாரோ சொல்லி, அடுப்படிப் பக்கமே போவாத அவங்க பொண்ணு அதைக் கேட்டு உங்களைத்தான் கட்டிக்குவேன்னு ஒத்தக் கால்ல நின்னுச்சாம். சுக்கானைப் புடிச்சு நீங்க முழிச்சா இங்கனயே தட்டு மாத்திரலாம்னு, வெத்தலை பாக்கு பழத்தோடல்ல தம்பி வந்திருக்காங்க."